உப்பில்லாச் சோறு எப்பத் தின்னீங்க?

போன வாரம் சூலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரத்ததான முகாம். மேசையில் அடுக்கியிருந்த மாம்பழ ஜூஸ் டப்பாக்களில் ஒன்றை எடுத்துக் குழாயைக் குத்தினேன். இப்போதெல்லாம் காகிதக் குழாய். இரண்டு உறிஞ்சலிலேயே சொதசொதத்துவிட்டது. மாம்பழ வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் சுகந்தி ஞாபகம் வந்துவிட்டது. கூடவே வயிற்றெரிச்சலும். இத்தனை வருடம் ஆகியும் அது மட்டும் பழசாகவே இல்லை, என்ன செய்ய!

சுகந்தி காங்கேயத்துக்காரி. நானும் அவளும் படிப்பு முடித்த சூட்டோடு கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மாவின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தோம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸ்கள் ரத்தம் ஏற்றும்போது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படித் தொற்றுகின்றன என்பதுதான் ஆய்வு. முகாமுக்கு வருகிறவர்களிடம் பழைய நோய்நொடிகளைக் கேட்டறிவது எங்கள் பாடு. யார் கேட்டறிந்தது ரத்தச் சோதனையோடு ஒத்துப்போகிறதோ, அவரே சென்னைக் கருத்தரங்கில் மேடையேறிப் பேசலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே நான் ஒப்பணக்கார வீதிக்குப் போய்ச் சட்டை எடுத்துவிட்டேன். இளநீலம்.

"உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா?" என்று செய்தி வாசிப்பவரைப் போலத் திருத்தமாகக் கேட்பேன். எல்லோரும் "இல்லைங்க தம்பி" என்பார்கள். சோதனையிலோ பழைய தொற்றின் தடம் எட்டிப் பார்க்கும். சுகந்தி கேட்ட ஆட்களிடம் மட்டும் வாய் சொன்னதையே ரத்தமும் சொல்லும். அதெப்படி?

ஒரு முகாமில், அவள் என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன். என்னிடம் அப்போதுதான் "இல்லைங்க" சொல்லிவிட்டு நகர்ந்த ஒரு தென்னந்தோப்புக்காரரை அவள் வழிமறித்தாள்.

"ஏனுங்ணா, உப்பில்லாச் சோறு எப்பத் தின்னீங்க?"

"அத ஏன் கேக்கறீங்க அம்மணி! கல்யாணத்துக்கு முந்தி. கிணத்துக்கடவுக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்துல மோர்ல பச்சிலையக் கலக்கிக் குடுப்பாங்கல்லங்க, அதைய வாங்கிக் குடிச்சுப்போட்டு ஒரு மாசம் பத்தியம். நாக்கே செத்துப்போச்சுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் ஏங்க என்கிட்ட வரலைன்னு சொன்னீங்க?"

"அதுதான் எறங்கிப்போச்சேங்க தம்பி! எறங்குனது வந்த கணக்குங்களா?"

காமாலைக்கு உப்பில்லாப் பத்தியம் இருந்து தீர்ந்தால் அது வந்ததாகவே சேர்த்தி இல்லை! இந்த மண்ணில் பிறந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் என் பேச்சைத் தொலைத்த எனக்கு இது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்ற திமிரும் இருந்தது.

"இன்ஸ்பெக்டராட்டம் கேட்டீன்னா ஆருடா சொல்லுவாங்க?" என்று சிரித்தாள்.

காமாலை வந்தவர் ரத்தத்தை அடுத்தவருக்கு ஏற்றக்கூடாது. உங்க ரத்தம் வேண்டாம் என்று சொல்லப் போனால் தோப்புக்காரர் முகம் வாடிவிட்டது. "வந்ததுதான் வந்துட்டேன், கொஞ்சமாச்சும் எடுத்துக்குங்க" என்று கையை நீட்டுகிறார், விருந்துக்கு வந்தவர் மொய் வைக்கிற மாதிரி.

"அது வேண்டாங்ணா. ஜூஸ் மட்டும் குடிச்சுப்போட்டுப் போங்க."

"குடுக்காமக் குடிக்கறதுங்களா?" டப்பாவைத் தொடக்கூட இல்லை. விறுவிறுவென்று போய்விட்டார்.

மேடை சுகந்திக்குத்தான் போனது. உப்பில்லாச் சோற்றை அவள் இங்கிலீஷில் சொன்னபோது அரங்கமே சிரித்தது. இருட்டில் உட்கார்ந்து அவளுக்குத் திரையில் படம் மாற்றிக்கொண்டிருந்தேன் நான். இளநீலச் சட்டையில். இருட்டில் எந்தச் சட்டையானால் என்ன!

இப்போது அவள் ஏதோ ஒரு பனி நாட்டில் இருக்கிறாள். இணையத்தில் படம் போடுகிறாள், முழங்கால் வரை பூட்ஸ். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒன்று விடாமல் பார்க்கிறேன்.

சூலூரில் இந்த முறை கேள்வி கேட்கிற நாற்காலியே இல்லை. வருகிறவர்கள் செல்போனில் தாங்களே பதிலைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். வைரஸின் மரபணுத் துணுக்கையே தேடிப் பிடிக்கிற இயந்திரம் வந்துவிட்டது. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. காதில் பாட்டுக் கேட்கிற கருவி மாட்டியிருந்த ஒருவரிடம் குனிந்து, அவள் கேட்ட அதே இழுவையில் கேட்டேன்: "ஏனுங்ணா, உப்பில்லாச் சோறு எப்பத் தின்னீங்க?"

ஒரு காதை மட்டும் விடுவித்தார். "எல்லாம் டிக் பண்ணிட்டேன் சார்."

மேசைக்குத் திரும்பி, மிச்ச ஜூஸைக் குடித்து முடித்தேன். ரத்தம் கொடுக்காமலேதான். ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.