கையில் நின்ற ஒன்பது

பெயின்டருக்குத் தெரியாத வசவு கிடையாது. ஆனால் அத்தனையையும் அவர் ஒரே ஆளுக்காகத்தான் சேர்த்து வைத்திருந்தார். ஆற்றுக்கு அக்கரை அணியின் மட்டையாளன். மைதானமே நெட்டை என்று கூப்பிட்ட ஆறடி மனிதன். அவன் வந்து நின்றால் போதும், நம் ஊர் பந்து வீச்சாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பெயின்டரின் வாய் திறந்துகொள்ளும்.

வாரம் முழுக்கக் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவது பெயின்டரின் பிழைப்பு. மேட்ச் நாளில் மட்டும் ஸ்கோர் போர்டுக்குப் பின்னால் இருக்கும் மர மேடையில் ஏறிவிடுவார். எண்களெல்லாம் தகரத் தட்டில் அவரே எழுதியவை. ரன் வந்ததும் பழைய தட்டைக் கழற்றிப் புதியதைக் கொக்கியில் மாட்ட வேண்டும். பலகைகளுக்கு நடுவே கை அகலத்துக்கு ஒரு சந்து உண்டு. ஆட்டத்தை அதன் வழியாகத்தான் பார்ப்பார்.

நம் ஆள் ரன் எடுத்தால், பந்து நிற்பதற்குள் தட்டு தொங்கும். நெட்டை எடுத்தால் அப்படியில்லை. முதலில் பிளாஸ்க்கைத் திறப்பார். மூடியில் ஊற்றி ஒரு வாய் டீ குடிப்பார். வாயைத் துடைத்துக்கொண்டு, போனால் போகிறதென்று அந்த ரன்னை மாட்டுவார். கேலரிக்கு இது அத்துப்படி. "பெயின்டரே, டீ ஆறிடப் போகுது, நிதானமா குடிங்க!" என்று கத்துவார்கள். கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் நோட்டில் எழுதுவதுதான் நிஜக் கணக்கு, போர்டு சும்மா கண்ணுக்குத்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள். பெயின்டரும் அப்படித்தான் நினைத்தார்.

இவ்வளவு திட்டுகிற மனிதருக்கு நெட்டையைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்பதுதான் வேடிக்கை. அவன் இடது கால் காப்பைத்தான் முதலில் கட்டுவான். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒரு தடவை போர்டை ஏறிட்டுப் பார்ப்பான். முழங்காலை மடக்கி அவன் ஒரு அடி அடித்தால், "அடப்பாவி!" என்று பெயின்டர் சொல்கிற தொனியில் திட்டு பாதிதான் இருக்கும்.

"நம்ம ஊர் ஆளுங்க என்ன அடிச்சாங்கன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா? எப்பப் பாரு அவர் பேச்சுதான்" என்பாள் மனைவி.

"அவனை எனக்குப் பிடிக்காதுடி."

"தெரியுது, தெரியுது."

அந்த இறுதிப் போட்டியில் அக்கரை அணிக்கு இன்னும் பதினைந்து ரன் வேண்டும், நாலு விக்கெட் மிச்சம். ஓவரும் தாராளமாக இருந்தது. நெட்டை தொண்ணூற்றெட்டு. ஓவரின் கடைசிப் பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினான், தொண்ணூற்றொன்பது. அடுத்த ஓவரையும் அவன்தான் ஆட வேண்டும்.

பெயின்டரின் வலது கையில் ஒன்பது தட்டு. இடது கையில் டீ. எட்டைக் கழற்றிவிட்டு ஒன்பதை மாட்ட மூன்று நொடி போதும். ஆனால் கேலரி அன்று உச்சத்தில் இருந்தது. "குடிங்க! இன்னொரு வாய்!" என்று ஊரே கத்தியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு வாய் குடித்தார். அதற்குள் நம் சுழல் பந்துக்காரர், அவசரக்குடுக்கை, ஓடி வந்து பந்தைப் போட்டுவிட்டார்.

நெட்டை வழக்கம்போலப் போர்டைப் பார்த்திருந்தான். அங்கே தொண்ணூற்றெட்டு. இப்போது ஓடிய ரன்னும் அதில் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அடித்தான், ஒரு ரன் ஓடினான். நூறு ஆகிவிட்டது. அவன் மனக்கணக்கிலோ தொண்ணூற்றொன்பது. போதும் என்று கூட ஆடியவன் கையைக் காட்டியும் கேட்காமல் இன்னொரு ரன்னுக்குத் திரும்பினான். பாதி வழியில் முழங்கால் பிசகியது. அவன் தரையில் கிடக்க, நம் ஆட்கள் ஸ்டம்பைத் தட்டிவிட்டுக் குதித்தார்கள். அவன் போனதும் மிச்ச மூன்று பேரும் மடமடவென்று அவுட். கோப்பை நமக்கு.

பெயின்டர் பதறிப்போய் ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்று மாட்டினார். அவ்வளவு வேகமாக நெட்டையின் ரன்னை அவர் மாட்டியதே இல்லை. ஸ்ட்ரெச்சரை போர்டுக்குக் கீழேதான் தூக்கிப் போனார்கள். நெட்டை தலையைத் தூக்கிப் பார்த்தான். நூறு. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பிறகு உள்ளங்கையால் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டான். சந்து வழியாக பெயின்டர் அதைப் பார்த்தார்.

"விக்கெட் பெயின்டருக்குத்தான்!" என்று கேலரிக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. போட்ட சோறு அப்படியே இருந்தது.

கோப்பை கைவிட்டுப் போய்விடும் என்று ஊரே இதை அக்கரைக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது. நெட்டை அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. நூறு அடித்தது தெரியாமல் நூறுக்கு ஓடியவன் என்று அவன் ஊர்க்காரர்களே கேலி பேசினார்கள். மனைவி வருஷம் தவறாமல் சொன்னாள், "ஒரு எட்டு போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க." போர்டு வேலை போய்விடும், காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் காறித் துப்பும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவரும் தவறாமல் சொன்னார். கோழைத்தனத்துக்குச் சாக்கா பஞ்சம்! மேட்ச் நாளில் எல்லோருடைய ரன்னையும் உடனுக்குடன் மாட்டினார். திட்டுவதற்கு ஆளில்லாமல் ஆட்டம் உப்புச்சப்பற்றுப் போயிருந்தது. பிளாஸ்க் பரணுக்குப் போனது.

இப்படியே இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள் காலையில் மனைவி செய்தித்தாளை அவர் முன்னால் விரித்து வைத்தாள். அக்கரை அணிக்குப் பயிற்சி கொடுக்க நெட்டையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார். 'தன் ஸ்கோரையே சரியாகப் பார்க்கத் தெரியாதவன், மற்றவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பேன்?' என்று சொல்லியிருந்தார்.

போர்டைப் பழி சொல்லியிருப்பார் என்றே பெயின்டர் இத்தனை நாள் நினைத்திருந்தார். அந்த மனிதர் தன்னையேதான் பழி சொல்லிக்கொண்டிருந்தார். பெயின்டர் அன்றைக்கே ஒன்பது தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அக்கரைக்குப் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்த நெட்டையின் கையில் ஊன்றுகோல். ஆறடி கொஞ்சம் வளைந்திருந்தது. போர்டுக்காரர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க, வாங்க! உங்க ஊர்ல என்னை எப்படித் திட்டுவாங்க! அந்தத் திட்டு கேட்டாத்தான் எனக்கு ஆட்டமே வரும்." உள்ளே திரும்பி, "டீ போடும்மா" என்றார்.

அவர் மனைவி டீயை வைத்தார். "கேஸை மூடினேனான்னு இவர் மூணு தடவை வந்து பாப்பாரு. ரோட்டைத் தாண்டணும்னா என்னைக் கேப்பாரு. அந்த மேட்சுக்கு அப்புறம் இப்படித்தான்" என்றார்.

"என் கண்ணை நானே நம்புறதில்லைங்க. தொண்ணூத்தெட்டுன்னு அவ்வளவு தெளிவா பார்த்தேன்" என்று நெட்டை சிரித்தார்.

பெயின்டர் தகரத் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "சரியாத்தான் பார்த்தீங்க. இது என் கையில இருந்துச்சு. உங்க ரன்னை ஒரு வாய் டீ குடிச்சிட்டுத்தான் மாட்டுவேன். அன்னைக்கு ரெண்டு வாய் குடிச்சிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க சார்."

நெட்டை தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவியை ஏறிட்டு, "கேட்டியா? தொண்ணூத்தெட்டுதான் இருந்துச்சாம். நான் சரியாத்தான் பார்த்திருக்கேன்" என்றார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தட்டிலிருந்த ஒன்பதை நெட்டை விரலால் ஒரு தடவை வரைந்து பார்த்தார்.

"என்னைப் பிடிக்காதுன்னா பரவாயில்ல. எனக்கும்தான் உங்க ஊரைப் பிடிக்காது" என்றார் நெட்டை கடைசியில். "கால் போனதுகூட விளையாட்டுல சகஜம். ஆனா இதை மறுநாளே வந்து சொல்லியிருக்கலாமே?"

பெயின்டர் காலித் துணிப்பையை மடித்தார், மறுபடி பிரித்தார்.

நெட்டை தட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஊன்றுகோலால் டீ கிளாஸைக் காட்டினார். "ஆறிடப் போகுது. குடிச்சிட்டுக் கிளம்புங்க."

பெயின்டர் கிளாஸை எடுத்தார். ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.