சக்கரம் மாற்றிய ஊர்

செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கு அப்போது நான் பொறுப்பாக இருந்தேன். மாணவியர் விடுதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் பக்கத்தை வடிவமைத்ததும் நான்தான். தமிழ்நாட்டின் ஊர்கள் அத்தனையையும் அதில் ஒரே நீளப் பட்டியலாகப் போட்டிருந்தேன். இருப்பிடச் சான்றிதழில் ஓர் ஊரும் விண்ணப்பத்தில் வேறோர் ஊருமாகப் பல விண்ணப்பங்கள் வந்தன. கவனமில்லாத ஜனங்கள் என்று தள்ளுபடி செய்தேன்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, அப்படித் தள்ளுபடியான ஒரு பெண்ணோடு அவள் அப்பா, முட்டுக்காட்டுப் படகோட்டி, வந்து நின்றார்.

“இன்னா சார், சொந்த ஊரு கூடவா எம்பொண்ணுக்குத் தெரியாது? எடம் கெடைக்கலன்னா படிப்பே நின்னுடும்.”

“முத்தூர்னு இல்ல போட்டிருக்கு?”

“முட்டுக்காடுன்னுதான் சார் போட்டேன்” என்றாள் அவள்.

“எங்கே, என் முன்னால போட்டுக் காட்டு.”

சரியாகத்தான் தேர்ந்தெடுத்தாள். பிறகு, அடியிலிருந்த பொத்தானுக்குப் போவதற்காக மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். பக்கம் நகரவில்லை, பட்டியல் நகர்ந்தது. என் கண்ணெதிரே முட்டுக்காடு முத்தூர் ஆனது.

துள்ளி எழுந்தேன். “இன்னொரு தடவை உருட்டும்மா.” மறுபடியும் மாறியது. என்னை மறந்து கைதட்டினேன்.

“இன்னா சார், எம்பொண்ணு வாழ்க்கை போவுது, நீ கை தட்டிகினு கீற?” என்றார் அவர்.

அவள் விண்ணப்பத்தை அங்கேயே திருத்தி ஏற்றுக்கொண்டேன். முதல் இரண்டு எழுத்தை அடித்தால் அவற்றில் தொடங்கும் ஊர்கள் மட்டும் வரும்படி சாயங்காலத்துக்குள் பக்கத்தையும் மாற்றினேன். அப்படியொரு உற்சாகத்தோடு நான் வேலை செய்ததே இல்லை.

தள்ளுபடியான மற்றப் பெண்களுக்குத் தகவல் போவதற்குள் தேதி முடிந்துவிட்டது. சண்டை போட வந்தவளுக்கு இடம் கிடைத்தது. வராதவர்கள், தாங்கள்தான் தவறாகப் போட்டுவிட்டோம் என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கலாம்.