எதிர்வீட்டு அக்காவின் சாவி

எனக்குக் கோபம் வந்தால் அது யாழ்ப்பாணத்துத் தமிழில்தான் வரும். லண்டனில் இத்தனை வருடம் இருந்தும் ஆங்கிலத்தில் ஒருவரையாவது ஒழுங்காகத் திட்டப் பழகவில்லை. சீனாவில் செங்டு நகரத்துக்குப் போய் இறங்கி மூன்றாம் நாளே ஒரு பெண்ணை நல்ல தமிழில் வாய் நிறையத் திட்டினேன். அவர்தான் பிறகு எனக்கு அக்காவாகிவிட்டார்.

இவர், என் கணவர், ரயில் சிக்னல் எஞ்சினியர். செங்டுவில் நிலத்தடி ரயிலுக்குப் புதுப் பாதை போடுகிறார்கள் என்று கம்பனி இரண்டரை வருடத்துக்கு அனுப்பியது. லண்டன் வால்தம்ஸ்டோவில் இருந்த வீட்டை மகளிடம் விட்டுவிட்டு, பள்ளிக்கூடச் சமையலறையில் பார்த்த வேலையையும் விட்டு நானும் புறப்பட்டேன். போவதற்கு முதல் கோயில் ஐயருக்குப் போன் எடுத்து, புது வீட்டில் பால் காய்ச்ச நல்ல நேரம் கேட்டேன். வியாழக்கிழமை காலை பத்து நாற்பது என்றார். வீடு எந்த நாட்டில் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

செங்டுவில் பெட்டியைத் திறந்த பிறகுதான் அந்தக் கோதாரி மண்டையில் உறைத்தது. பத்து நாற்பது என்றால் எந்த ஊர்ப் பத்து நாற்பது?

"இஞ்ச சூரியன் வேற நேரத்துக்கெல்லோ உதிக்குது. இஞ்சத்தைப் பத்து நாப்பதுக்குக் காய்ச்சும்," என்றார் இவர்.

"ஐயர் லண்டனில எல்லோ இருக்கிறார்? அவற்ர மணிக்கூட்டுக்குத்தான் காய்ச்சுவன்."

"அப்ப அது இஞ்ச பின்னேரம் அஞ்சு நாப்பது. பின்னேரத்தில ஆராவது குடிபூருவினமோ?"

"நான் பூருவன். உங்களுக்கென்ன?"

இவர் போய்ப் புதுப் பானையைக் கழுவத் தொடங்கினார். முப்பது வருடப் பழக்கம்.

பின்னேரம் ஐந்து முப்பதுக்குப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன். புதுப் பானையில் பால். இரண்டு பேரும் கைகூப்பியபடி அடுப்புக்கு முன்னால் நின்றோம். பால் நுரைத்து எழும்பி வந்தது. விளிம்புக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது, பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். யாரோ என்னை இடித்துக்கொண்டு ஓடிவந்து கேஸை நிறுத்தினார்கள். பால் அப்படியே கீழே இறங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் கட்டைத் தலைமயிரும் ஏப்ரனுமாக அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். எதிர்வீட்டுக்காரி. மூச்சு வாங்க வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பிறநாட்டுக்காரர் பயத்தில் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்கள், ஓடிவந்து காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோஷம் அந்த முகத்தில்.

"அடி விசரி! ஆரடி உன்னை உள்ளுக்கு வரச் சொன்னது? பொங்கி வாற பாலை நிப்பாட்டிப்போட்டு இளிச்சுக்கொண்டு நிக்கிறியே!" என்று கத்தினேன்.

நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்து அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு போனில் மொழிபெயர்ப்பைப் போட்டு, எங்கள் வழக்கத்தில் பால் பொங்கி வழிந்தால்தான் வீடு விளங்கும் என்று எழுதிக் காட்டினார். வாசித்ததும் அந்த முகம் செத்துப்போனது. விறுவிறென்று திரும்பிப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வந்த இடத்தில் முதல் ஆளையே கலைத்துவிட்டேனே என்று இருந்தது.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் இரண்டு பெரிய பால் பெட்டிகள், பின்னால் தரை துடைக்கும் தடியோடு புருஷன். பாலை முழுவதும் பானைக்குள் ஊற்றி, கேஸைக் கூட்டிவிட்டு, இரண்டு கையையும் விரித்து அடுப்பை மறித்துக்கொண்டு நின்றார். என்னைக்கூடக் கிட்ட விடவில்லை. பால் பொங்கி, நெருப்பை அணைத்து, மேசையால் ஓடித் தரைக்கு வந்தது. அவர் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார். புருஷன் தனக்குள் ஏதோ முணுமுணுத்தபடி துடைத்தார். ஐயர் சொன்ன நேரம் முடிந்துவிட்டது, ஆனால் நான் அதை யாருக்கும் சொல்லவில்லை.

அதன் பிறகு நானும் அக்காவும் போனைப் பிடித்துக்கொண்டே திரிந்தோம். அவர் சொல்வதை அது வானொலிச் செய்தி மாதிரித் தமிழில் வாசிக்கும். சந்தையில் நான் கத்தரிக்காயில் கை வைத்தால், "இளைய சகோதரியே, இது முதிர்ந்துவிட்டது, விட்டுவிடுக," என்னும். அவர் தந்த அந்த ஊர் மிளகு ஒன்றைக் கடித்து அரைமணித்தியாலம் நாக்கு விறைத்துக் கிடந்தேன். பதிலுக்கு என்னுடைய மீன்குழம்பைக் கொடுத்தேன். அக்கா வியர்த்து வடிய இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

ஊரோ நின்ற இடத்தில் நிற்காது. டிசம்பரில் நத்தாருக்கு லண்டன் வந்து மூன்று கிழமையில் திரும்பிப் போனால், நான் தோஃபு வாங்கிய கடை இல்லை, கடை இருந்த தெருவும் இல்லை. அந்த இடத்தில் ரயில் நிலைய வாசலுக்குக் குழி தோண்டியிருந்தார்கள். அக்கா இவரைக் கண்டதும் விரலை நீட்டி, "நீங்கள்தான் என் தோஃபுக் கடையை விழுங்கியவர்," என்று போன் வழியாகக் குற்றம் சாட்டினார். இவர் இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தார்.

அக்காவின் சொந்த வீடும் அப்படித்தான் போயிருந்தது. நாங்கள் போவதற்கு நாலு வருடத்துக்கு முதல் அவர்களின் ஒழுங்கையில் இருந்த வீடுகள் முழுவதையும் இடித்துவிட்டார்கள். அதே நிலத்தில் எழும்பும் மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு தருவதாக வாக்கு. அதுவரைக்கும்தான் எங்களுக்கு எதிரே வாடகைக்கு இருந்தார்கள். பாதிச் சாமான் பெட்டிகளில் கட்டியபடி கூரை வரைக்கும் அடுக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போய், வேலிக்கு வெளியே நின்று எத்தனை மாடி எழும்பியிருக்கிறது என்று எண்ணுவார். புருஷன் வரமாட்டார். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அந்த வீடு வராது, தான் சாகும்வரை வாடகை வீடுதான் என்று முடிவு கட்டிவிட்டார். பதினான்காம் மாடியோடு வேலை நின்றது. உச்சியில் பாரந்தூக்கி, அந்தக் கிரேன், அசையாமல் நின்றது. ஒவ்வொரு கிழமையும் போய்ப் பதினாலு, பதினாலு என்று எண்ணிவிட்டு வந்தோம். அக்கா அப்போதெல்லாம் சந்தையில் பேரம் பேசுவதைக்கூட விட்டுவிட்டார்.

எனக்கு அந்தக் காத்திருப்புத் தெரியும். அகதியாக வந்த புதிதில் லண்டன் லூயிஷாமில் ஒற்றை அறையில், கைக்குழந்தையோடு, நகரசபை தரும் கவுன்சில் வீட்டுக்கு ஏழு வருடம் காத்திருந்தோம். தபால்காரனின் காலடி கேட்டாலே கதவுக்கு ஓடுவேன். ஒரு ஞாயிறு திரும்பி வரும் வழியில் அதைப் போன் மொழிபெயர்ப்பில் அக்காவுக்குச் சொன்னேன். ஏழு என்று கேட்டதும் அவர் என் கையைப் பிடித்தார், நாங்கள் வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை. "சாவி கிடைத்தால் நீதான் வந்து பாலைப் பொங்க வைக்க வேண்டும்," என்றார். வருவேன் என்று சொன்னேன்.

இவரின் ஒப்பந்தம் முடிந்தபோதும் அது பதினான்கு மாடிதான். விமான நிலையத்தில் நான் அழுத அழுகையைப் பார்த்து ஒரு காவல்காரன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

லண்டன் வந்து ஒன்றரை வருடம், கிழமைக்கு ஒருதரம் வீடியோவில் கதைத்தோம். ஒருநாள் அக்கா திரையில் முகம் தெரிவதற்கு முதலே கத்தினார். பாரந்தூக்கி அசைகிறதாம். அதற்குப் பிறகு மாடிகள் மளமளவென்று எழும்பின. போன வைகாசியில் சாவி கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. இவருக்கு லீவு இல்லை, எனக்கு முழங்கால் ஆப்பரேஷன் முடிந்து மூன்று கிழமை. போக ஏலாது. நான் உடைந்துபோனேன். அக்கா விடவில்லை, "நீ அங்கிருந்து சொல், நான் செய்கிறேன்," என்றார்.

உடனே ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, இந்த முறை எந்த நாடு?" என்று அவரே முந்திக் கேட்டார்.

செங்டுவின் சூரிய உதயம் பார்த்து அவர் நேரம் குறித்தார். அந்த நாள் தங்கள் நாட்காட்டியில் சரியில்லை என்று அக்கா மறுத்தார். அக்கா சொன்ன நாளில் அஷ்டமி என்று ஐயர் மறுத்தார். நாலு நாள் நடுவில் நின்று தூது போய், கடைசியில் ஒரு ஞாயிறு, அங்கே பின்னேரம் நாலு பத்து, இங்கே காலை ஒன்பது பத்து என்று இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்தேன்.

அன்று தலைமுழுகி, சேலை உடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். திரையில் இருபத்தோராம் மாடி. வெறும் சீமெந்துச் சுவர், வெறும் தரை, நடுவில் அக்கா. கேஸ் இன்னும் வரவில்லை, மின்சார அடுப்பில் பால். அது எழும்பி வர, புருஷனின் கை தன்னையறியாமல் பொத்தானுக்குப் போனது. அக்கா அந்தக் கையில் ஒரு அடி போட்டார். பால் பொங்கி வழிந்தது. நான் வால்தம்ஸ்டோவில் இருந்து "அரோகரா!" என்று போட்ட சத்தத்தில் மகள் படியால் ஓடிவந்தாள்.

அப்போது அக்காவின் புருஷன், அங்கே சாய்த்து வைத்திருந்த போனைப் பறித்து எடுத்தார். கூரை தெரிந்தது, செருப்பு தெரிந்தது, பிறகு கதவுக்கு வெளியே நடைவழி. மனிதர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். சாவியைப் போட்டுப் பூட்டினார். திறந்தார். மறுபடி சாத்தினார், பூட்டினார், திறந்தார். உள்ளே இருந்து அக்கா ஏசுவது கேட்டது. வாசலுக்கு வந்த அக்காவின் முகத்துக்கு நேரேயே கதவைச் சாத்தி மூன்றாம் தரமும் பூட்டினார்.

"என்ன செய்யிறார் இந்த மனிசன்? விசரே?" என்று சிரித்துக்கொண்டு திரும்பினேன்.

தேத்தண்ணிக் கோப்பையோடு என் பின்னால் நின்ற இவர் சிரிக்கவில்லை.

"லூயிஷாமில கவுன்சில் வீட்டுச் சாவி தந்த அண்டைக்கு நீர் பிள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போயிட்டீர். நானும் வெளியில நிண்டு நாலு தரம் பூட்டித் திறந்தனான். பிறகு ஆரோ படியேறி வந்திச்சினம். வெக்கமாப் போச்சு, விட்டிட்டன்."

இத்தனை வருடத்தில் இதை இவர் எனக்குச் சொன்னதில்லை. நான் இவரின் கையைப் பிடித்து இழுத்து எனக்குப் பக்கத்தில் இருத்தினேன். திரையில் அந்த மனிதர் ஐந்தாம் தரமாகச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.