காப்பாற்றியவள் பெயர்

ஆடி கடைசி வெள்ளி. இருக்கன்குடியில் ஆற்றைத் தவிர எல்லாம் பெருக்கெடுத்து ஓடியது. மஞ்சள் சேலைகளும் தீச்சட்டிகளும் வைப்பாற்று மணலை மிதித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஓரமாக, கேமராவுக்கு முன்னால் நின்றாள் பொன்னுத்தங்கம். அவள் சேலைத் தலைப்பில் ஒரு சின்ன வயர்லெஸ் மைக்கைக் குத்தியிருந்தார்கள்.

ஆடித் திருவிழாவைப் பற்றிய ஆவணப்படம். எடுப்பவர் சென்னையிலிருந்து வந்த புகழேந்தி. எந்தக் கழகக் கூட்டத்தில் வைத்த பெயரோ, மனிதர் தேடி அலைந்தது அற்புதங்களை. வெடி விபத்தில் பிழைத்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்க கதைய நீங்களே சொல்லலாம்மா" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் வந்தாள். அம்மனைக் கும்பிடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

சிறு வயதிலேயே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியவள். கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனி. வாயாடி என்று போர்மேனிடம் பெயர் வாங்கியிருந்தாள். தீபாவளி சீசனில், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேரை அடைத்து வேலை வாங்கினார்கள். "இதென்ன மாட்டுத் தொழுவமா?" என்று கேட்டதற்கு, "பிடிக்கலைன்னா வீட்டுக்குப் போ" என்று பதில் வந்தது. போனால் வீட்டில் அடுப்பு எரியாது. இருந்தாள். அந்த வாரமே அறை எரிந்தது.

வாசலோரம் இருந்த இருளம்மாள் ஓர் எட்டு வைத்திருந்தால் தப்பியிருப்பாள். ஆனால் உள்ளே திரும்பினாள். புகையில் திசை தெரியாமல் நின்ற பொன்னுத்தங்கத்தின் பிடரியில் கைகொடுத்து வெளியே தள்ளினாள். பொன்னுத்தங்கத்துக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. இருளம்மாள் முழுசாகப் போனாள். மறுநாள் செய்தியில் அவள் வெறும் எண்ணிக்கை.

புகழேந்தி கடையில் வாங்கிய தகரக் கை ஒன்றை நீட்டினார். நேர்ந்துகொண்டவர்கள் அம்மனுக்குச் செலுத்தும் உருவம் அது.

"'தாயே, நீதான் என்னை வெளிய தள்ளிவிட்டே'ன்னு சொல்லிட்டு நடங்கம்மா."

"தள்ளிவிட்டது இருளம்மா சார். வீட்ல வச்சே சொன்னேன்லா?"

"அதேதான். இருளம்மா ரூபத்துல அம்மனே வந்தான்னு வச்சுக்குவோம்."

"அப்ப அன்னைக்கு அம்மனும் செத்துப்போனாளா?"

கேமராக்காரர் சிரிப்பை இருமலாக்கினார். புகழேந்தியின் முகம் சுண்டிவிட்டது.

"இது பக்திப் படம்மா. கம்பெனி விவகாரமெல்லாம் வேண்டாம், வம்பு. நீங்க பேசினாலும் வெட்டிருவேன்."

"வெட்டிக்கோங்க. நான் சொல்லிட்டுத்தான் போவேன்."

தகரக் கையை அவர் சட்டைப் பைக்குள்ளேயே செருகிவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். "கட்!" என்று கத்தினார் அவர். கேமரா நின்றது. காதில் ஹெட்போனோடு நின்ற ஒலிப்பதிவுப் பெண் சினேகா மட்டும் பதிவை நிறுத்தவில்லை.

நடந்தபடியே மைக்கைப் பார்த்துப் பேசினாள் பொன்னுத்தங்கம். "என்னையக் காப்பாத்துனவ பேரு இருளம்மா. ரெண்டு பிள்ளைகளுக்குத் தாயி. அவளக் கொன்னது விதி இல்ல. நாலு பேரு ரூம்புல ஒம்பது பேர அடைச்சவன் கொன்னான்."

பக்கத்தில் தீச்சட்டியோடு வந்தவள் எட்டிப் பார்த்தாள். "யாருகிட்டக்கா பேசுதீக?"

"இந்தா, இதுக்குள்ள. பேசுனா படத்துல வரும். வெட்டுவேங்காரு அந்தாளு."

"எங்க வீட்லயும் ஒண்ணு போச்சுக்கா." சட்டியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் மைக்கின் பக்கம் குனிந்தாள். "எங்க மதினி. வெள்ளைத்தாய்."

"ஏத்தா, கொஞ்சம் தள்ளு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எந் தம்பி பேரு ஜெயபாண்டி. பேன்சி வெடி ரூம்புல."

பட்டாசு ஊர்களிலிருந்து வந்த கூட்டம். ஒருத்தி சொன்னது இன்னொருத்தி காதுக்குப் போயிற்று. பொன்னுத்தங்கத்தைச் சுற்றி நடை தேங்கியது. காவலுக்கு நின்றவர்கள் விசில் ஊதினார்கள். அவள் நகரவில்லை.

"என்னதான் பேசிக்கிறாங்க?" புகழேந்தி சினேகாவிடம் எரிந்து விழுந்தார்.

அவள் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினாள். பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நடுவில் பொன்னுத்தங்கத்தின் குரல் கேட்டது:

"முணங்காத, சத்தமாச் சொல்லுத்தா. சாமிக்கில்ல, அந்தச் சாருக்குக் கேக்கணும்."