சான்றிதழ் பார்க்கிறவள் படிக்கப் போனாள்

கல்லூரி அலுவலகத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் சல்லடை. யார் வைத்தது என்று தெரியாது. ஆனால் அது அவள் காதுக்கு வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் கோபப்படவில்லை. "பரவாயில்லை, ஓட்டைன்னு வைக்காம விட்டாங்களே" என்று பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரியிடம் சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டாள்.

ஆசிரியர் வேலைக்கு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. பதினைந்து வருடமாக அதே மேசை, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த அதே ஜன்னல். பட்டம் எந்தத் துறையில், எத்தனை தாள்கள், முத்திரை சரியா, தேதி சரியா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சரியாக இருந்தால் முதல்வர் அறைக்குப் போகும். இல்லாவிட்டால் ஒரு கடிதத்தோடு திரும்பிப் போகும். அவளே பட்டதாரிதான், கணக்கியலில். படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை இது. அதற்கு மேல் படிக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, வீட்டிலும் யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் கணக்கியல் ஆசிரியர் வேலைக்கு ஒருவர் விண்ணப்பித்திருந்தார். குழாய் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மேலாளராக இருந்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில் எம்.பி.ஏ. படித்து முடித்திருந்தார். எல்லாரையும் போல அவரையும் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். தேர்வுக் குழுவினர் போடும் மதிப்பெண் தாளை வாங்கி வைக்க அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் பையிலிருந்து ஒரு சாண் நீளக் குழாய்த் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதைச் செய்ய என்ன செலவாகும்?" என்றார். மாணவர்கள் இரும்பு, கூலி, மின்சாரம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். "சரி. தொழிற்சாலை வாசல்ல ஒரு காவலாளி நிக்கிறாரே, அவர் சம்பளம் இந்தக் குழாய்க்குள்ள எங்க இருக்கு?"

பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அடக்க விலை என்ற பாடத்தைத் தான் படித்த காலத்தில் இப்படி யாராவது சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவள் யோசித்தாள்.

மறுநாள் அவருடைய கோப்பைத் திறந்தாள். ஒருவர் எந்தப் பாடத்தை எடுக்கிறாரோ, முதுகலையில் அந்தப் பாடத்திலேயே குறைந்தது ஆறு தாள் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அவருடைய எம்.பி.ஏ.யில் கணக்கியல் இரண்டே தாள்தான். மற்றதெல்லாம் விற்பனை, ஆள் நிர்வாகம், திட்டமிடல். மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். இரண்டு நான்காகவில்லை, ஆறாகவும் ஆகவில்லை.

கடிதம் போன நான்காம் நாள் அவர் நேரில் வந்தார். சத்தம் போடுவார் என்று தட்டச்சுக்காரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். அவர் சத்தம் போடவில்லை.

"தப்பு உங்க மேல இல்லை மேடம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. படிக்கச் சேர்றதுக்கு முன்னாடி இதை நான் யாரைக் கேட்டிருக்கணும்?"

"விதிமுறை அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்கு சார்" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சொன்னது பொய்யில்லை. அலமாரிக்குப் பின்னால் பாதி மறைந்த ஒரு பலகையில் அது ஒட்டியிருந்ததும் உண்மைதான். ஆனால் அன்று முழுக்க அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய ஆள் அவள்தான்.

அதற்குப் பிறகு, யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு "எந்தப் பட்டம் படிச்சா டீச்சர் ஆகலாம்?" என்று கேட்டால் பலகையைக் கைகாட்டுவதை விட்டுவிட்டாள். "நீங்க என்ன பாடம் எடுக்கப்போறீங்க?" என்று ஆரம்பித்து விலாவாரியாகச் சொல்வாள். மதிய இடைவேளையில் நேரிலேயே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "தனியா ஒரு பலகை எழுதி மாட்டிடலாம் அக்கா" என்றாள் தட்டச்சுக்காரி.

இப்படி ஒரு வருடம் ஓடியது. அப்போதுதான் கணக்கியல் ஆசிரியைக்கு எதிர்பார்த்ததைவிட இரண்டு வாரம் முன்னதாகவே பிரசவம் ஆகிவிட்டது. மாற்று ஆள் இன்னும் வரவில்லை. முதல்வர் அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க கணக்கியல்தானே படிச்சீங்க? ஒரு வாரம் போய் உக்காருங்க. பாடம் எல்லாம் வேண்டாம். சத்தம் வராம பாத்துக்கிட்டா போதும்."

நாற்பத்தேழு பேர். கரும்பலகையில் ஆசிரியை பாதியில் விட்டுப் போன ஒரு மெஷினின் தேய்மானக் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. சும்மா உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. சாக்பீஸை எடுத்து மீதியைப் போட ஆரம்பித்தாள். பாதி தூரம் போனதும் ஜன்னல் ஓரத்துப் பெண் எழுந்து, "மேடம், கடைசியில அந்த மெஷினை வித்தா வர்ற தொகையைக் கழிக்கவே இல்லையே" என்றாள்.

அவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். பெண் சொன்னது சரி. ஊரார் கோப்பில் எல்லாம் குறை கண்டுபிடிக்கிறவள், நாற்பத்தேழு பேர் முன்னால் இப்படி மாட்டிக்கொண்டாள்.

"ஆமா, விட்டுட்டேன். நாளைக்கு முழுசாச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய புத்தகங்களை இறக்கினாள். அவள் கணவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். தும்மிக்கொண்டே தூசி தட்டும் மனைவியைப் பார்த்து, "என்ன, ஆபீஸ்ல பரீட்சை வைக்கிறாங்களா?" என்றார். "ஆமாங்க, நாளைக்குக் காலையில. நாப்பத்தேழு பேர் வைக்கிறாங்க" என்றாள்.

மறுநாள் புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, அலுவலகத்து நகல் எடுக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசினாள். வாங்கிய வருடம் அது எப்படி இருந்தது, இப்போது எப்படிக் காகிதத்தைத் தின்கிறது, முதல் வருடத்தில் மதிப்பு ஏன் அதிகம் குறைகிறது என்று சொன்னாள். அந்த இயந்திரத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாத மாணவர் யாரும் இல்லை. வகுப்பு சிரித்தது. சிரித்துக்கொண்டே கணக்கையும் போட்டது. ஒரு வாரம் என்றது ஐந்து வாரமாக நீண்டது. மாற்று ஆசிரியர் வந்த அன்று அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். கோப்புகள் அதே கோப்புகள்தான். அவளுக்குத்தான் உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது.

"நானும் படிச்சு டீச்சர் ஆகலாம்னு பாக்கறேன்" என்று முதலில் கணவரிடம் சொன்னாள். "பாரேன்" என்றார் அவர். அடுத்து அக்காவிடம் சொன்னாள். அக்கா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர். எந்தக் காரியத்திலும் அவளுக்கு உடனே ஒரு முடிவு இருக்கும்.

"எம்.பி.ஏ. பண்ணு. ஒரே வருஷத்துல முடிக்கிற மாதிரியும் இருக்கு. டீச்சர் வேலை அமையலைன்னாலும் வேற எங்கயாவது போய் உக்காரலாம். கணக்கியல் முதுகலைன்னு போய் ரெண்டரை வருஷம் ராப்பகலா கஷ்டப்பட்டா, அதை வச்சு அந்த ஒரு வேலைக்குத்தான் போக முடியும்."

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. எம்.பி.ஏ. படித்தால் நிர்வாகம், விற்பனை என்று எத்தனையோ வகுப்புகள் எடுக்கலாம். அந்த வேலைகளுக்கு வருடத்துக்கு ஏழெட்டு விளம்பரம் வரும். கணக்கியலுக்கு ஒன்று வந்தால் பெரிது. போதாததற்கு, சில கல்லூரிகள் இப்போது நிரந்தர வேலைக்கு முனைவர் பட்டமும் கேட்க ஆரம்பித்திருந்தன. வந்து கேட்டவர்களுக்கெல்லாம் பட்டுப் பட்டென்று வழி சொன்னவள், தன் விஷயம் என்றதும் தலையைப் பிய்த்துக்கொண்டாள். அக்காவின் வாய்க்குப் பயந்து எம்.பி.ஏ. விண்ணப்பத்தை வாங்கி நிரப்பவும் செய்தாள். 'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. 'அக்கா சொன்னாள்' என்று எழுத முடியாது.

ஒரு சனிக்கிழமை, மாலை வகுப்புகள் நடத்தும் பல்கலைக்கழகக் கட்டிடத்துக்கே போனாள். இரண்டு பாடத்திட்டங்களையும் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, புத்தகப் பையோடு ஏறி வந்தவர் அவளைப் பார்த்து நின்றார். குழாய்த் தொழிற்சாலைக்காரர்.

"மேடம், நீங்க எங்க இங்க?"

"படிக்கலாம்னு வந்தேன் சார். நீங்க?"

"கணக்கியல் முதுகலை. ரெண்டாவது பருவம். உங்க கடிதத்துல ஆறு தாள்னு எழுதியிருந்தீங்களே, அதைத்தான் படிச்சிக்கிட்டிருக்கேன்."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அன்னிக்கு உங்களுக்கு ஒழுங்கா பதில் சொல்லலை சார்."

"அதை விடுங்க. நீங்க எதுல சேரப்போறீங்க?"

அவள் கையிலிருந்த இரண்டு பாடத்திட்டங்களையும் காட்டினாள். அவர் எதையும் வாங்கிப் பார்க்கவில்லை. படிக்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, "எம்.பி.ஏ. மோசமான படிப்பு இல்லை. தொழிற்சாலையில இருந்தப்பவே படிச்சிருந்தா எனக்கு ரொம்ப உதவியிருக்கும். ஆனா ஆள் நிர்வாகம் பத்தி ஒரு மணி நேரம் வகுப்பு எடுன்னா எனக்குத் தூக்கம் வரும். எனக்கே தூக்கம் வந்தா பிள்ளைங்க கதி? நீங்க எந்த வகுப்பை நினைச்சு இங்க வந்தீங்க?" என்றார்.

"தேய்மானம்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"அப்புறம் என்ன மேடம்" என்று அவர் மேலே ஏறினார்.

கணக்கியல் முதுகலையிலேயே சேர்ந்துவிட்டாள். அக்கா ஒரு மாதம் பேசவில்லை. கணவர் பகல் வேலை முறையை இரவு முறைக்கு மாற்றிக்கொண்டார். மாலையில் சமையல் அவர் பொறுப்பு. பன்னிரண்டு வயது மகளும் அவளும் சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். பரீட்சைக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கணவர், "மூச்சை நல்லா இழுத்துப் பிடி. ஆடாதே. ம், விட்டுடு" என்பார். எக்ஸ்ரே அறையில் நோயாளிகளிடம் சொல்கிற அதே குரல். புள்ளியியல் தாளில் அதுவும் பலிக்கவில்லை. முப்பத்தொரு மதிப்பெண். வெளியே காட்டிக்கொள்ளாமல் குளியலறையில் கொஞ்ச நேரம் அழுதாள். இரண்டாம் முறை ஐம்பத்தெட்டு வாங்கினாள்.

பட்டம் கைக்கு வந்த மாதமே அவள் வேலை பார்த்த கல்லூரியில் கணக்கியல் இடம் ஒன்று காலியானது. அவள் விண்ணப்பித்தாள். தன் கோப்பைத் தானே பார்க்கக் கூடாது என்பதால் முதல்வர் அதைத் தட்டச்சுக்காரியிடம் கொடுத்தார். அவளுக்குச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்திருந்ததும் இவள்தான். கடைசித் தேதி அன்று மாலை நான்கரை மணிக்குத் தட்டச்சுக்காரி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"அக்கா, பழைய சான்றிதழ்ல உங்க அப்பா இனிஷியல் இருக்கு. புதுசுல வீட்டுக்காரர் இனிஷியல். ரெண்டும் ஒரே ஆள்தான்னு உறுதிச் சான்று வைக்கலை."

அந்தக் குறைக்காக அவள் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். தன் கோப்பில் அது கண்ணில் படவே இல்லை.

"நான் பாக்கலைன்னு விட்டுடறேன் அக்கா. நீங்கதான்னு இங்க யாருக்குத் தெரியாது?"

"தெரியாதவங்க கோப்பா இருந்தா என்ன பண்ணுவே?"

தட்டச்சுக்காரி நாற்காலியைத் தன் மேசைக்கே இழுத்துக்கொண்டாள்.

"கடிதம் அடி. கையெழுத்து முதல்வர்கிட்ட வாங்கிக்கலாம்."

அந்த இடம் குழாய்த் தொழிற்சாலைக்காரருக்குக் கிடைத்தது. எட்டுத் தாள் இருந்தது அவரிடம். அவர் வேலையில் சேர்ந்த அன்று அவள் எழுந்து போய்க் கை குலுக்கினாள். மனசின் ஒரு மூலை கசக்கத்தான் செய்தது. அதை அவள் கணவரிடம் மட்டும் சொன்னாள். "கசக்கலைன்னா டாக்டர்கிட்டதான் காட்டணும்" என்றார் அவர்.

அடுத்த வாரமே உறுதிச் சான்று வாங்கி வைத்தாள். ஆறு மாதம் கழித்து, நகரத்தின் மறுகோடியில் ஒரு சின்னக் கல்லூரியில் வாரம் மூன்று மாலை பகுதிநேர வகுப்பு கிடைத்தது. பகலில் அலுவலகம், மாலையில் இரண்டு பேருந்து மாறி வகுப்பு. ஒன்றரை வருடம் அப்படி ஓடியபின் அந்தக் கல்லூரியே அவளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

அக்கா இப்போது முனைவர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப பண்ணப்போறே?" என்று வாரம் தவறாமல் கேட்பாள்.

"அதுக்கு ஒரு கேள்வி வேணும் அக்கா. நாலு வருஷம் கூடவே வச்சுக்கிற மாதிரி கேள்வி. என்கிட்ட இன்னும் இல்லை."

இரண்டு வருடம் கழித்து அந்தக் கேள்வி வந்தது. சிறிய கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் அவள் வகுப்பில் நிறைய. வீட்டுக் கடையில் மனக்கணக்காகவே லாப நட்டம் பார்க்கிற இவர்கள், அதையே பேரேட்டில் எழுதச் சொன்னால் ஏன் தடுமாறுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று மூன்று பக்கம் எழுதி, ஓர் ஆய்வு வழிகாட்டியைத் தேடிக் கொடுத்தாள். அவர் ஒரு பக்கமாகக் குறைக்கச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அதைக் குறைத்துக்கொண்டிருந்தாள். எதிரே மகள், ஓவியக் கல்லூரிக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கணவர் வந்து, சாப்பிட வேண்டும், மேசை எப்போது காலியாகும் என்று கேட்டார். "இன்னும் நாலு வருஷம்" என்றாள் அவள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்.