அம்புக்குறி காட்டிய தொலைபேசி

எங்கள் மனைவிமாரை டென்மார்க்குக்கு எடுக்கும் விண்ணப்பங்கள் முடங்கிக் கிடந்த காலம். நானும் அறைத்தோழர் செல்வமண்ணையும் கோல்டிங் நகருக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில் நின்று அதைப் பற்றித்தான் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்துக் காரிலிருந்து இரண்டு குடிவெறிகாரர்கள் இறங்கினார்கள். "டெனிஷில் கதையுங்கடா!" என்று தங்கள் மொழியில் கத்தியபடி ஒருவன் அண்ணையின் தலையில் போத்தலால் அடித்தான். விழுந்தவரை மற்றவன் வயிற்றில் உதைத்தான். தடுக்கப்போன எனக்கு முன்பல் உடைந்தது. பிறகு காரில் ஏறிப் பறந்துவிட்டார்கள்.

"ஓடிப்போய்ப் போன் எடு தம்பி," என்றார் அண்ணை, இரத்தம் வழிய.

கைத்தொலைபேசி இல்லாத காலம் அது. வீதியோர வெள்ளைக் கட்டைகளில் சின்ன அம்புக்குறி இருக்கும். ரோட்டு வேலைக்காரரின் அடையாளமாக்கும் என்று நினைத்து எதிர்ப்பக்கம் ஓடினேன். மூச்சு வாங்க நின்றபோதுதான், எல்லா அம்புகளும் நான் வந்த பக்கத்தையே காட்டுவதைக் கண்டேன். திரும்பி, அண்ணையையும் தாண்டி ஓடினேன். அம்புகள் காட்டிய அவசரத் தொலைபேசி அங்கே நின்றது.

படித்த டெனிஷ் ஒன்றும் வாயில் வரவில்லை. "அண்ணை சாகப்போறார், கெதியா வாங்கோ!" என்று தமிழில் கதறினேன். எந்தத் தொலைபேசி என்பது மறுமுனையில் இருப்பவர்களுக்கு இலக்கத்திலேயே தெரியுமாம். அம்புலன்ஸ் வந்தது. அண்ணை பிழைத்தார்.

இப்போது கார் எங்கே நின்றாலும், அம்பு எந்தப் பக்கம் என்று முதலில் பார்ப்பேன். அதற்குப் பிறகு தமிழில்தான் கதைப்பேன், முன்னையைவிடச் சத்தமாக.