ஒரே ஒரு பார்வையாளர்

மாடித்தோட்டம் பற்றி வீடியோ போடுகிறவள் நான். முகத்தைக் காட்ட மாட்டேன். என் கைகளும் குரலும் மட்டும்தான் வரும். ஊரைக் கேட்டால் மதுரை என்பதோடு சரி, நாகமலை புதுக்கோட்டை என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் வீட்டில் நானும் ஆறு வயது மகளும்தான். அதனால் இந்த விஷயத்தில் நான் ரொம்ப உஷார் என்று எனக்கு ஒரு திமிரே இருந்தது.

தோழி ஒருத்தியின் சேனல் திடீரென்று முடங்கிப்போனதைப் பார்த்த பயத்தில், நான்கு தளங்களில் போட ஆரம்பித்தேன். பெரிய தளத்தில் நீள வீடியோ. இன்னொன்றில் ஒரு நிமிடத் துண்டு. மூன்றாவதில் ஞாயிற்றுக்கிழமை லைவ். நான்காவது, ஈ காக்கைகூட எட்டிப் பார்க்காத தளம். வெட்டியெடுத்த மிச்சத் துண்டுகளைத் தூக்கிப்போட மனசு வராமல் அங்கே கொட்டி வைப்பேன். மீந்த சோற்றைக்கூடத் தண்ணீர் ஊற்றி வைக்கிற வளர்ப்பு, என்ன செய்வது!

"எதுக்கு இம்புட்டு எடத்துல போடுற? ஒரு எடத்துல பாக்காதவன் இன்னொரு எடத்துல வந்து பாக்கப் போறானா?" என்பார் கணவர்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்பேன்.

அந்த நான்காவது தளத்தில் எனக்கு ஒரே ஒரு பார்வையாளர் இருந்தார். எதைப் போட்டாலும் பார்வைகள் ஒன்று என்று காட்டும். படம் கிடையாது, பெயருக்குப் பதில் வெறும் எண்கள். எழுதுவதெல்லாம் மரியாதையாகத்தான் இருக்கும். "அக்கா, கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊத்துங்க, தளதளன்னு வரும்." எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. "நம்ம ஒத்தை ஆளு வந்துட்டாரு" என்று கணவரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஒரு நாள் இப்படி எழுதியிருந்தார்: "அண்ணனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்டா அக்கா? வாசல்ல பைக்கக் காணோமே."

அன்றைய வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அன்று நான் போட்டது வெண்டைச் செடி. அதில் வாசலே வரவில்லை.

உடனே அந்த ஆளை பிளாக் செய்தேன். மறுநாள் பெரிய தளத்தில், வேறு எண்களில் வந்தது: "என்னக்கா, கோவமா?"

மகள் பள்ளிக்குப் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, என் வீடியோக்களையே யாரோ ஒருத்தி மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். நீள வீடியோவில் செடிகளுக்குப் பின்னால் மலை. ஒரு நிமிடத் துண்டில் அடுத்த தெரு செல்போன் டவர். லைவில் மாதா கோயில் மணி. அதற்கு நடுவே "அவருக்கு இந்த வாரம் நைட்டு" என்று நானே பேசிக்கொண்டிருக்கிறேன். மிச்சத் துண்டுகளில் நீல கேட்டும், தெருவிலிருந்து நேரே மாடிக்கு ஏறும் வெளிப்படிக்கட்டும். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. நாலையும் சேர்த்தால் என் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எல்லாத் தளங்களிலும் எல்லாவற்றையும் அழித்தேன். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். கணவர் சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பகல் ஷிப்ட் வாங்கினார். படிக்கட்டுக்கு ஒரு கம்பிக் கதவு போட்டுத் தரச் சொல்லி வாடகை வாங்கும் வீட்டு ஓனரிடம் கேட்டோம், பார்க்கலாம் என்றார்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எனக்கும் மெல்ல மூச்சு வந்தது. மறுபடி ஒரே ஒரு தளத்தில் மட்டும் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

போன வாரம் கணவருக்குத் திரும்பவும் இரவு ஷிப்ட் வந்துவிட்டது. முதல் நாள் அவரை அனுப்பிவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்ற மாடிக்குப் போனேன். கறிவேப்பிலைத் தொட்டியில் மட்டும் மண் ஈரமாக இருந்தது. மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். குனிந்து பார்த்தேன். புளித்த வாடை அடித்தது.

கீழே கேட் திறக்கும் சத்தம். கணவர் பைக்கை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கறிவேப்பிலைக்கு மோர் ஊத்துனீங்களா?" என்று மாடியிலிருந்தே கேட்டேன்.

"நானா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "நான் இப்பத்தான வாரேன்."